பிணைப்புக் கோட்பாடு (உளவியல்)

பிணைப்புக் கோட்பாடு என்பது கைக்குழந்தைக்கும் அதனைத் தொடர்ந்து பேணி வருபவருக்கும் இடையே உருவாகும் உணர்வுப் பிணைப்பை விளக்கும் உளவியல் கோட்பாடு ஆகும். பிரித்தானிய உளமருத்துவர் ஜான் போல்பி (1907–1990) இதனை முன்வைத்தார். மேரி எய்ன்ஸ்வர்த் (1913–1999) நேரடி ஆய்வுகளால் இதனை வளர்த்தெடுத்தார்.

பாலூட்டுபவர் என்பதாலேயே குழந்தை தாயை நாடுகிறது என்று முன்னர் கருதப்பட்டது. அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை அசைத்தது. கம்பியால் செய்த பொம்மைத் தாயிடம் பால் கிடைத்தபோதும், குரங்குக் குட்டிகள் பெரும்பாலான நேரம் துணி போர்த்திய பொம்மையையே பற்றிக்கொண்டிருந்தன.

மருத்துவமனையில் ஒரு குழந்தை

அக்காலத்தில் பிரித்தானிய மருத்துவமனைகள் பலவற்றில், சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பெற்றோர் பார்ப்பதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. பெற்றோர் வந்து சென்றால் குழந்தை அழும் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. போல்பியின் உடன்பணியாளர் ஜேம்ஸ் ராபர்ட்சன், அறுவை மருத்துவத்துக்காக எட்டு நாட்கள் மருத்துவமனையில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்து 1952 இல் வெளியிட்டார். அவள் ஓயாமல் அழவில்லை. அடங்கியிருந்தாள், இடையிடையே தாயைக் கேட்டாள். வீடு திரும்பும் நாளில் தாயின் கையைப் பற்ற மறுத்தாள். அமைதியாகிவிட்ட குழந்தை தேறிவிட்டது என்று மருத்துவர்கள் நம்பியது தவறு என ராபர்ட்சன் வாதிட்டார். படத்தைப் பார்த்த மருத்துவர் பலர் சினந்தனர். எனினும் 1959 இல் வெளியான பிளாட் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வந்து பார்க்கப் பரிந்துரைத்தது.

அழுகையும் மறுமொழியும்

அழுதவுடன் தூக்கினால் பிள்ளை கெட்டுப்போகும் என்னும் அறிவுரை பல நாடுகளில் உண்டு. எய்ன்ஸ்வர்த் 1954–55 இல் உகாண்டாவிலும், பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களிலும் தாய்–சேய் உறவை வீடு சென்று கவனித்தார். தொடக்க மாதங்களில் உடனுக்குடன் கவனிக்கப்பட்ட குழந்தைகள், ஓராண்டு முடியும் தறுவாயில் குறைவாகவே அழுதன என்று 1972 இல் சில்வியா பெல்லும் அவரும் எழுதினர். நெதர்லாந்தில் 1991 இல் வெளியான ஆய்வில் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே விரைவை மட்டும் கணக்கிடுவது பொருந்தாது. குழந்தையின் குறிப்பைச் சரியாக அறிவதே முதன்மையானது. பசியாறிய குழந்தை உறக்கத்துக்காக அழும்போது மீண்டும் பாலூட்டுவது தக்க மறுமொழி ஆகாது. விளையாட்டின் நடுவே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குச் சற்று ஓய்வு தேவை. மேலும் சிரிப்புக் காட்டுவது அதற்குத் தொல்லையே.

இவ்வாறு பேணப்படும் குழந்தை பேணுபவரைத் தளமாகக் கொண்டு சுற்றுப்புறத்தை ஆராய்கிறது. அச்சமுற்றால் அவரிடமே திரும்புகிறது. ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையிடம் இதனைக் கணிக்க எய்ன்ஸ்வர்த் ஒரு சோதனையை வகுத்தார். தாய் அறையை விட்டுச் சிறிது நேரம் வெளியேறித் திரும்புவார். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுதது என்பதைவிட, தாய் திரும்பியதும் அது எப்படி நடந்துகொண்டது என்பதே இதில் பெரிதும் நோக்கப்படுகிறது.

குறையின்றி மறுமொழி தருவது எந்தப் பெற்றோருக்கும் இயலாது. தாய்–சேய் விளையாட்டை நுணுகி ஆராய்ந்த எட்வர்ட் டிரானிக், இருவரும் ஒத்திசையாத தருணங்கள் இயல்பானவை என்றும், அவை மீண்டும் சீர்செய்யப்படுவதே முக்கியம் என்றும் காட்டினார்.

விமரிசனங்கள்

போல்பி தாய்க்கு மிகுந்த முதன்மை தந்தார் என்பது முக்கிய விமரிசனம். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964 இல் வெளியிட்ட ஷாஃபரும் எமர்சனும், பல குழந்தைகள் தந்தை, பாட்டி முதலியோருடனும் பிணைப்புக் கொண்டிருந்ததைக் கண்டனர். கூட்டுக்குடும்பத்தை அறிந்த வாசகருக்கு இது வியப்பளிக்காது.

அமெரிக்க மருத்துவர் வில்லியம் சியர்ஸ் பரப்பிய 'பிணைப்பு வளர்ப்பு' முறையுடன் இக்கோட்பாட்டைக் குழப்பிக்கொள்ளலாகாது. குழந்தையை எந்நேரமும் சுமப்பதையோ ஒரே படுக்கையில் உறங்குவதையோ பிணைப்புக் கோட்பாடு நிபந்தனையாக வைக்கவில்லை.