கொலு ரயிலுக்கு ஏற்ற கார் எது?

நவராத்திரி நெருங்கினால் கொலுவில் பூங்கா, ரயில் நிலையம் அமைப்பவர்கள் பொம்மைக் கார், பஸ் கேட்டு வருவார்கள். (நம் உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது, கொலுவில்தான் ஓடுகிறது!) ரயில் பெட்டியைவிடக் கார் பெரிதாக இருந்தால் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வணிகர்கள் அளவைத் தெரிந்துகொள்வது நல்லது.

மாதிரி ரயில்களில் உலகெங்கும் அதிகம் புழங்குவது எச்.ஓ. ரகம். அசலில் 87-ல் ஒரு பங்கு. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். இந்தக் கணக்கில் அம்பாசிடர் கார் 5 சென்டிமீட்டர்தான் வரும். 12 மீட்டர் பஸ் 14 சென்டிமீட்டர். நாம் விற்கும் சிறு உலோகக் கார்களோ சுமார் 7 சென்டிமீட்டர். அட்டையில் 64-ல் ஒரு பங்கு என்றிருக்கும். ஆனால் ஒரே அளவு அட்டைக்குள் அடங்க வேண்டுமே என்று பஸ், லாரியையும் கார் நீளத்துக்கே சுருக்கிவிடுகிறார்கள்!

பேட்டரி ரயில்கள் எந்தக் கணக்கிலும் அடங்காதவை. வாடிக்கையாளரை ஒரு பெட்டியைக் கொண்டுவரச் சொல்லுங்கள். காரின் உயரம் பெட்டிக் கதவின் உயரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் பொருத்தம்.

அசல் எச்.ஓ. கார்கள் வெளிநாட்டுச் சரக்கு. 2020-ல் பொம்மை இறக்குமதி வரியை 20-லிருந்து 60 சதவீதமாக்கிய பிறகு அவை நம் வாடிக்கையாளருக்குக் கட்டுப்படியாகவில்லை. பெரிய வண்டியை முன்னாலும் சிறியதைப் பின்னாலும் வைக்கச் சொல்லுங்கள். தூரத்தில் நிற்பதுபோல் தெரியும்.

கொள்முதலில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். குழந்தைகள் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். மலிவு என்று முத்திரையில்லாத சரக்கை வாங்கினால் சோதனையில் சிக்குவது கடைக்காரர்தான்.