திரவப் படிகத்தில் காந்தத் துகள்கள்

உருகிய பின்னும் மூலக்கூறுகளின் ஒழுங்கை முற்றும் இழக்காத பொருள்கள் சில உண்டு. 1888-இல் ரைனிட்சர் ஆராய்ந்த கொலஸ்டெரில் பென்சோயேட், 145.5 பாகை சென்டிகிரேடில் உருகிக் கலங்கலாக நின்றது, 178.5 பாகையிலேதான் தெளிந்தது. இத்தகைய திரவப் படிகத்தை மின்புலம் எளிதில் திருப்பிவிடும். கடிகார முகப்பும் தொலைக்காட்சித் திரையும் இதன் பயனே. காந்தப் புலத்திற்கோ அது எளிதில் இணங்குவதில்லை.

நுண்ணிய காந்தத் துகள்களைக் கலந்தால், அவை திரும்புகையில் சுற்றியுள்ள மூலக்கூறுகளும் உடன் திரும்பும் என்று பிரோஷார், டி ஜென் என்னும் பிரெஞ்சு விஞ்ஞானிகள் 1970-இல் கணித்துக் கூறினர். கணக்கில் பிழையில்லை, கலவைதான் ஒத்துழைக்கவில்லை. துகள்கள் ஒன்றையொன்று ஈர்த்துத் திரண்டன. திரவப் படிகமும் தன் ஒழுங்கைக் குலைக்கும் அந்நியப் பொருளை ஒதுக்கவே முயலும். இத்துறையில் டாக்டர் பட்டத்திற்கு உழைக்கும் மாணவர், துகள்மேற் பூசத்தக்க பொருளைத் தேடுவதிலேயே நெடுநாள் செலவிட நேர்வது வியப்பன்று.

2013-இல் ஸ்லோவேனிய விஞ்ஞானிகள் வெற்றி கண்டனர். அவர்கள் கையாண்டவை உருண்டைகள் அல்ல. பேரியம் ஹெக்ஸாஃபெரைட்டுத் தகடுகள். அகலம் ஏறத்தாழ 70 நானோமீட்டர். தடிப்பு 5 நானோமீட்டர். (ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கே நானோமீட்டர்.) தகட்டின் காந்த அச்சு அதன் பரப்புக்குச் செங்குத்தானது, மூலக்கூறுகளும் பூச்சிட்ட அப்பரப்பின்மேல் செங்குத்தாகவே நிற்க விழைந்தன. ஆகவே தகடுகள் திரளாமல் ஒரே திசையில் அணிவகுத்தன, திரவமே காந்தமாயிற்று. மிகச் சிறிய புலமும் இப்போது அதைத் திருப்பப் போதுமானது.