தாளில் உள்ள நிறையும் தோளில் உள்ள நிறையும்



புதிதாக ஓர் இயந்திரம் வாங்குவோருக்கு அதனுடன் ஒரு விளக்கத் தாளும் கிடைக்கிறது. அத்தாளில் இயந்திரத்தின் நிறை இத்தனை கிலோ என்று அச்சிட்டிருக்கும். அவ்வெண் பொய்யன்று. ஆயினும் அவ்வியந்திரத்தைச் சுமந்து மலைச்சரிவில் ஏறி இறங்குகிறவருக்கு அது பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஏன் பயன்படுவதில்லை என்பதையும், பயன்படக்கூடிய எண்ணை நாமே எவ்வாறு கண்டறியலாம் என்பதையும், ஊவாத் தோட்டங்களில் அண்மைக் காலத்தில் புழக்கத்திற்கு வந்துள்ள கொழுந்து பறிக்கும் இயந்திரங்களை முன்வைத்து இன்று விளக்க விழைகிறேன்.

இவ்வேறுபாடு மிக வெளிப்படையாகத் தெரிவது, பதுளைவாசிகள் கண்ணாலும் கண்டிராத ஒரு வாகனத்தில். கனடா தேசத்தின் கியூபெக் மாகாணத்தில் பொம்பார்டியே என்பார் 1959ஆம் ஆண்டில் ‘ஸ்கீ-டூ’ என்னும் சிறு பனிவண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்புறம் இரு சறுக்குக் கட்டைகளும் பின்புறம் சுழலும் ரப்பர்ப் பட்டையும் கொண்டு பனிமேல் ஓடும் வண்டி அது. இன்று மலைப்பனியில் ஏறுவதற்கென்றே தனிவகை வண்டிகள் செய்கிறார்கள். ஆழ்ந்த பொடிப்பனியில் நிறை மிகுந்த வண்டி புதைந்துவிடும். ஆதலின் ‘எங்கள் வண்டியே இலகுவானது’ என்று உற்பத்தியாளர்கள் ஒருவரையொருவர் முந்தி விளம்பரம் செய்கின்றனர். தாளில் ஏறக்குறைய 200 கிலோ என்று காணப்படும். அது பெற்றோல் முதலிய திரவங்கள் எவையும் ஊற்றப்படாத நிலையின் நிறை; ‘உலர் நிறை’ என்று அதற்குப் பெயர். 36 லீற்றர் பெற்றோல் ஊற்றினாலே 27 கிலோ வரை கூடிவிடும். எஞ்சின் எண்ணெய், குளிரூட்டும் திரவம், வண்டியின் அடிப்புறத்தில் ஒட்டி உறையும் பனி ஆகியவை அதற்கும் மேலே. இதனை அறிந்த அந்நாட்டு மலையோட்டிகள், புதிய வண்டிகளைத் தாமே தராசில் ஏற்றி நிறுத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நம் நுவரெலியாவில் தை, மாசி மாதங்களில் படியும் உறைபனி தேயிலைத் தளிரைக் கருக்குமேயன்றிப் பனிவண்டி ஓட்டப் போதாது. வண்டி நமக்கு வேண்டாம்; அவர்களுடைய தராசு நமக்கு வேண்டும்.

புகையிரதத் துறையினர் இவ்வேறுபாட்டைப் பழங்காலத்திலேயே நன்கு அறிந்திருந்தனர். நீராவி எஞ்சினுக்கு அவர்கள் இரண்டு நிறைகளைக் குறித்துவைப்பது வழக்கம்: கரியும் நீரும் இல்லாத வெற்று நிறை ஒன்று, அவற்றை நிரப்பி ஓடத் தயாராக நிற்கும்போதுள்ள நிறை மற்றொன்று. 1924ஆம் ஆண்டில் பதுளை வரை வந்து சேர்ந்த மலைநாட்டுப் பாதையில் 44 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றங்கள் உண்டு. அங்கே பாலத்தின் வலிமையைக் கணக்கிடும் பொறியியலாளர் வெற்று நிறையை நம்பினால் விளைவு என்னவாகும்? எஞ்சினுக்கு நிறை ஒரு வகையில் நன்மையும் செய்கிறது. சக்கரம் தண்டவாளத்தைப் பற்றிக்கொள்ள அது உதவும். மனிதத் தோளுக்கு அந்த நன்மை கிடையாது.

இனித் தோட்டத்திற்கு வருவோம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்து மலைகளில் நிற்கத்தானும் இடமில்லாத சரிவுகள் பல. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி, படங்கை இடுப்பில் சுற்றி, நிரை நிரையாகப் பெண்கள் பறித்து வந்த வேலையில், ஆட்பற்றாக்குறை காரணமாக இயந்திரம் இடம்பிடித்து வருகிறது. இவற்றுள் முக்கியமானவை இரண்டு வகை. ஒருவர் இயக்கும் வகையில் எஞ்சினோ பற்றரியோ முதுகில் இருக்கும். வெட்டும் அலகு கையில் இருக்கும். இருவர் இயக்கும் வகையில் நிரையின் இருபுறமும் ஆள் நின்று, நீண்ட அலகைச் செடியின் மேல் ஏந்திச் செல்வார்கள். வெட்டுண்ட கொழுந்து பின்னாலுள்ள துணிப்பையில் போய் விழும்.

எஞ்சின் பூட்டிய கைக்கருவிகள் பலவற்றின் தாளில், எரிபொருளும் வெட்டும் பாகமும் நீங்கலான நிறையே தரப்படுவது உண்டு. பற்றரிக் கருவியாயின் பற்றரி நீங்கலான நிறை. தோள் வாருக்கும் துணிப்பைக்கும் கணக்கே இல்லாமற் போவதும் உண்டு. ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தாங்கி சிறியதாயின் இது பெரிய கூட்டல் அன்று. பற்றரியின் கதை வேறு. பெற்றோல் எரிய எரியச் சுமை குறையும். மின்சாரம் தீர்ந்துபோன பற்றரியோ நிறைந்திருந்தபோது என்ன நிறையோ அதே நிறை. ஒரு நாள் வேலைக்கு மூன்று பற்றரி வேண்டுமென்றால் மற்ற இரண்டையும் மலைக்கு ஏற்றியவர் யார்? பெற்றோல் கலனை ஏற்றியவர் யார்? இரண்டு இயந்திரங்களை ஒப்பிடுவோர், ஒரே அளவு வேலைக்கு வேண்டிய முழுச் சுமையையும் ஒப்பிடல் வேண்டும். வெறும் கருவியை மட்டும் ஒப்பிட்டால் பற்றரிக் கருவி தன் தகுதிக்கு மேற்பட்ட புகழைப் பெற்றுவிடும். புகையும் பேரொலியும் இல்லாமை அதன் நற்குணம்; அதனை நான் மறுக்கவில்லை.

மருந்தடிக்கும் முதுகுத் தாங்கியிலும் இதே நிலைதான். 16 லீற்றர் கொள்ளும் தாங்கியில் நீர் மட்டுமே 16 கிலோ. பழைய கணக்கில் 35 றாத்தல். தண்ணீர் கிடைக்கும் ஓடை மலையடிவாரத்தில் இருக்குமாயின், முழுச் சுமையோடு ஏறி, வெற்றுச் சுமையோடு இறங்க வேண்டிவரும். தாங்கியின் தாளில் உள்ள நிறை இறங்குகிறவருக்கு மட்டுமே பொருந்தும்.

நிறை எவ்வளவு என்பதோடு, அது உடலில் எங்கே தங்குகிறது என்பதும் முக்கியம். நெம்புகோல் தத்துவத்தை நம் மாணவர் பள்ளியில் படிக்கின்றனர். பரீட்சை முடிந்ததும் மறக்கின்றனர். உடலுக்கு 60 சென்ரிமீற்றர் முன்னால் ஏந்திய 3 கிலோ, முதுகோடு ஒட்டி 10 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் 18 கிலோவுக்கு நிகரான திருப்பத்தை உண்டாக்கும். கையிலுள்ள அலகு இலகுவானது என்று நினைத்து எடுத்தவருக்கு நண்பகலில் தோள்மூட்டு வலிப்பது இதனாலேயே. அமெரிக்க நாட்டுத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 1991இல் திருத்திய விதிப்படி, சுமை தூக்குவதற்கு மிக வசதியான நிலையிற்கூட வரம்பு 23 கிலோ. சுமையின் தூரம் 25 சென்ரிமீற்றரிலிருந்து 50 ஆனால் அவ்வரம்பு பாதியாகிவிடும். சர்வதேசத் தொழில் தாபனம் 1967இல் விடுத்த பரிந்துரையில், வளர்ந்த ஆண் தொழிலாளி கையாற் சுமக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேற்படலாகாது என்றும், பெண்களுக்கு அதனினும் கணிசமாகக் குறைவாக இருத்தல் வேண்டும் என்றும் கண்டிருக்கிறது. 55 கிலோ என்பது உயர்ந்தபட்ச எல்லை. நாள் முழுதும் சரிவில் நடக்கிறவருக்கு உரிய அளவு என்று அதனைக் கொள்வது தவறு.

இருவர் ஏந்தும் இயந்திரத்தை 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு 6 கிலோ என்று பிரித்துவிடலாமா? எஞ்சின் ஒரு முனையில் இருப்பதால் பாரத்தின் மையம் அம்முனையை நோக்கி நகர்ந்திருக்கும். மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் அம்மையம் இருக்குமாயின், எஞ்சின் பக்கத்தவர் தாங்குவது 8 கிலோ. மறுபக்கத்தவர் தாங்குவது 4 கிலோ. நாள் முழுவதும் ஒருவரே எஞ்சின் பக்கம் நிற்பாராயின், ஒருவர் சுமை மற்றவர் சுமையின் இரு மடங்கு. கூலி இருவருக்கும் ஒன்றே.

இதனை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலையைப் ‘பேர்’ என்கிறோம். குறித்த அளவு கொழுந்து இல்லையேல் அது ‘அரைப்பேர்’ ஆகிவிடக்கூடும். இயந்திரம் இலகுவானது என்ற எண்ணம் ஒருமுறை பரவிவிட்டால், நாளொன்றுக்கு இவ்வளவு என்னும் அளவை உயர்த்துவது எளிது. தாளில் உள்ள நிறையைக் காட்டியே அதனை உயர்த்தவும் கூடும். கொழுந்து நிறுக்கையில் சாக்கின் நிறைக்கும் இலையில் ஒட்டிய மழைநீருக்கும் ‘கழிவு’ வெட்டுவதை நாம் அறிவோம். பச்சைக் கொழுந்தில் நான்கில் மூன்று பங்கு நீரே. நான்கரைக் கிலோ கொழுந்து காய்ந்து ஒரு கிலோ தேயிலை ஆகிறது. எனவே மேலே ஒட்டிய நீருக்குக் கழிவு கேட்பதில் ஓரளவு நியாயம் இருக்கலாம். கொழுந்தின் நிறையில் இத்துணை நுணுக்கம் பார்க்கும் மடுவத்தில், அக்கொழுந்தைப் பறித்த இயந்திரத்தின் நிறையை ஒரு நாளேனும் பார்த்ததுண்டா?

பார்ப்பது கடினமன்று, தராசு அங்கேயே இருக்கிறது. காலையில் வேலைக்குப் புறப்படும் கோலத்திலேயே, அதாவது தாங்கி நிறைய எரிபொருளும், அலகும், தோள் வாரும், பையும் பூட்டிய நிலையில், இயந்திரத்தை நிறுங்கள். முதுகில் மாட்டும் வகையாயின், ஆளை முதலில் தனியே நிறுத்து, பின்பு மாட்டிக்கொண்டு நிறுத்து, வேறுபாட்டை எடுக்கலாம். கையிலுள்ள பகுதியைத் தனியாகத் தொங்கவிட்டு நிறுக்க மறக்கலாகாது. இருவர் ஏந்தும் வகையில், ஒரு முனையைத் தராசில் மாட்டி, மறுமுனையை அதே உயரத்தில் ஒருவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிறகு முனைகளை மாற்றி நிறுக்க வேண்டும். இரண்டு எண்களையும் கூட்டினால் மொத்த நிறை வரும். வராவிட்டால் யாரோ கோணலாகப் பிடித்திருக்கிறார்கள். மழைநாளில் பை நனைந்த பின் மீண்டும் ஒருமுறை நிறுப்பது நன்று. வியாபாரத்திற்குப் பயன்படும் தராசுகளுக்கு 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்க அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் சட்டம் இருப்பதால், தராசு சரிபார்க்கப்பட்டதா என்று கேட்கவும் வழியுண்டு.

கிடைத்த எண்களைக் கணக்கப்பிள்ளையின் புத்தகத்தில் ஒரு பக்கத்திலும், இயந்திரத்தின் மேல் வர்ணத்தாலும் எழுதிவைக்கலாம். எஞ்சின் முனைக்கு ஒன்று, மறுமுனைக்கு ஒன்று என இரண்டு எண்கள் எழுதுங்கள். அவற்றைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டால், இருவரும் எத்தனை நிரைக்கு ஒருமுறை பக்கம் மாற வேண்டும் என்பதை அவர்களே தீர்மானித்துக்கொள்வார்கள். மேலதிகப் பற்றரியையோ பெற்றோல் கலனையோ தூக்கிச் செல்பவருக்கென்று மூன்றாவது எண் ஒன்றும் அப்பக்கத்தில் இடம்பெறல் வேண்டும்.