செல்போன் நம் மரபணுவைத் தொடுமா?

கூடலூர் பக்கம் இருக்கும் என் திராட்சைத் தோட்டத்தின் மூலையில் செல்போன் டவர் வைக்க இடம் கேட்டு வந்தார்கள். வாடகை நல்ல தொகைதான். "வேண்டாம் சார், கதிர்வீச்சு பரம்பரையையே கெடுக்குமாம்" என்றார் பக்கத்துத் தோட்டக்காரர். அவர் முதுகில் மருந்து டேங்க். சட்டைப் பையில் போன் பாடிக்கொண்டிருந்தது.

வங்கியில் கடன் மனு பார்த்தே காலம் தள்ளியவன் நான். காகிதத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட வராது. தேடிப் படித்தேன்.

எக்ஸ்ரே போல மரபணு இழையை நேராக அறுக்கும் சக்தி செல்போன் அலைக்குக் கிடையாது. ஆனாலும் சந்தேகம் தீரவில்லை. 2005ல் அமிர்தசரஸ் குருநானக் தேவ் பல்கலைக்கழகத்தில், செல்போன் பயன்படுத்துவோரிடம் மரபணுச் சிதைவு கூடுதலாக இருப்பதாகக் கண்டார்கள். சிறிய ஆய்வு, முதற்கட்ட முடிவு என்று அவர்களே சொன்னார்கள். பிற ஆய்வகங்களில் சிலவற்றில் பாதிப்பு தெரிந்தது, பலவற்றில் தெரியவில்லை. 2011ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அலைகளை 'புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புண்டு' என்று 2பி பட்டியலில் சேர்த்தது. 2024ல் உலக சுகாதார நிறுவனம் கேட்டு நடந்த மறுஆய்வில், மூளைப் புற்றுநோயோடு தொடர்பு தென்படவில்லை. வங்கிக் கணக்கில் சொன்னால், இது வாராக்கடன் இல்லை. கண்காணிப்பில் வைக்க வேண்டிய கணக்கு.

டவருக்கான வரம்பை நம் அரசு 2012லேயே சர்வதேச அளவில் பத்தில் ஒன்றாகக் குறைத்துவிட்டது. நம் உடம்புக்கு அதிகம் வருவது காதோடு ஒட்டிய போனிலிருந்துதான். சிக்னல் குறைந்தால் போன் தன் சக்தியைக் கூட்டிக்கொள்ளும். அதனால் மலையடிவாரத்தில் ஒரு கோடு சிக்னலை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசாதீர்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசுங்கள். பல போன்களில் *#07# அடித்தால் எஸ்.ஏ.ஆர். அளவு வரும், கிலோவுக்கு 1.6 வாட்டுக்குள் இருக்க வேண்டும்.

இதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அதே முகமை 2015ல் மாலத்தியானையும் களைக்கொல்லி கிளைபோசேட்டையும் ஒரு படி மேலே, 2ஏ பட்டியலில் வைத்தது. கிளைபோசேட் மனித உயிரணுக்களில் மரபணுவைச் சிதைத்ததையும் குறிப்பிட்டது. டவரைப் பார்த்துப் பயப்படும் நாம் டேங்கைப் பார்த்துப் பயப்படுவதில்லை.

டவருக்கு இடம் கொடுக்கவில்லை. காரணம் கதிர்வீச்சு இல்லை; அந்த மூலையில் நான் நட்ட இரண்டு வேம்பை வெட்டச் சொன்னார்கள்.

படித்ததையெல்லாம் பக்கத்துத் தோட்டக்காரரிடம் சொன்னேன். போனை எடுத்து வரப்பில் வைத்தார். டேங்கை இறக்கவில்லை. அதை இறக்க வைப்பதுதான் நம் வேலை.