அயல்நாட்டு ஆய்வுப் பணி: டெல்டா காட்டிய முன்மாதிரி

முனைவர் பட்டம் பெற்றவர், நிரந்தர ஆசிரியப் பதவிக்கு முன்பாக, மூத்த பேராசிரியர் ஒருவரின் ஆய்வுக்குழுவில் சில ஆண்டு ஒப்பந்தத்தில் ஊதியத்துடன் செய்யும் ஆய்வு 'முதுமுனைவர் ஆய்வு' எனப்படுகிறது. திருவையாறு போன்ற காவிரி டெல்டா ஊர்களிலிருந்து அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நோக்கும் இளம் ஆய்வாளர்களுக்குப் பெரும்பாலும் இதுவே முதல் வாயில்.

1925இல் அதே டெல்டாவின் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலாளர் எம். எஸ். சுவாமிநாதன் இவ்வழியே சென்றவர். ஆய்வாளரின் செலவை ஏற்கும் உதவித்தொகையான நல்கையை யுனெஸ்கோவிடமிருந்து பெற்று, நெதர்லாந்தின் வாகனிங்கனில் உருளைக்கிழங்கின் மரபியலை ஆராய்ந்த அவர், 1952இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றபின், அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆய்வுப் பணியில் சேர்ந்தார். நாடுகள் மாறியபோதும் ஆய்வுப்பொருள் மாறவில்லை.

இத்தகைய தொடர்ச்சியையே தேர்வாளர்கள் இன்றும் எதிர்பார்க்கின்றனர். எனவே, எல்லாருக்கும் பொதுவான ஒரே கடிதத்தை நூறு பேருக்கு அனுப்புவதைவிட, பேராசிரியரின் அண்மைக் கட்டுரைகளைப் படித்து, அவற்றில் எஞ்சி நிற்கும் எந்தக் கேள்விக்குத் தம் பயிற்சி உதவும் என்பதை ஒரு பக்கத்தில் தெளிவாக எழுதுவதே பயன் தரும். விண்ணப்பதாரரின் உழைப்பை நேரில் அறிந்த ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதங்களும் இன்றியமையாதவை. ஜெர்மனியின் ஹம்போல்ட் நல்கைக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி நல்கைக்கும் விண்ணப்பிப்போர், தம்மை ஏற்கும் நிறுவனத்தின் இசைவை முன்கூட்டியே பெற வேண்டும் என்பதால், பல மாதங்களுக்கு முன்பே தொடங்குவது நல்லது.

விஸ்கான்சினில் கிடைத்த ஆசிரியப் பதவியை ஏற்காமல் நாடு திரும்பிய சுவாமிநாதன், 1954இல் கட்டாக்கின் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தில் இணைந்தார். அயல்நாட்டுப் பணியின் உண்மையான மதிப்பு, அங்கு பெறும் திறன் எவருக்குப் பயன்படுகிறது என்பதிலேயே உள்ளது.