ஹானாவுக்குப் போகும் வழி

ஹவாய்த் தீவுகளில் ஒன்றான மாவியின் கிழக்குக் கோடியில் இருக்கிறது ஹானா. விமான நிலையம் உள்ள கஹுலுயியிலிருந்து சுமார் 84 கிலோமீட்டர். வழியில் 620 வளைவுகள், 59 பாலங்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். பாலங்களில் 46, ஒரு நேரத்தில் ஒரு வண்டி மட்டுமே போகக்கூடியவை. எங்கும் நிற்காமல் போனால் இரண்டரை மணி நேரம். நிற்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஹானாக்காரர்கள்தான்.

சாலை வருமுன் ஹானாவுக்குக் கடலே வாசல். நீராவிக் கப்பல் வந்து சர்க்கரை மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போகும். ஊருக்கு வேண்டிய சாமான்களும் ஆட்களும் அதில்தான் வந்து இறங்குவார்கள். தரைவழியாக வர நினைத்தவருக்குக் குதிரைத் தடமும், மலைச்சரிவில் கால்வாய் வெட்டியவர்கள் விட்டுப்போன பாதைகளும் இருந்தன. சாலை 1926-இல் முடிந்தது. வழியில் உள்ள கேயனையில் முகாம் போட்டுக் கைதிகளைக் கொண்டு அமைத்த பகுதியும் அதில் உண்டு. அந்த முகாம் இருந்த இடம் பின்னாளில் சுற்றுலா வருகிறவர்கள் கூடாரம் அடித்துத் தங்கும் இடமாயிற்று.

முதலில் அது வெறும் சரளைச் சாலை. மழைக்காலத்தில் மண் சரிந்து வழி அடைபட்டால், இந்தப் பக்கம் நின்றவரும் அந்தப் பக்கம் நின்றவரும் சரிவை நடந்து கடந்து, ஒருவர் காரை மற்றவர் எடுத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்வார்களாம். யார் கார் யாரிடம் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்திருந்தால்தான் இது நடக்கும். 1960-களில் தார் போட்டார்கள். இப்போது வருபவை பெரும்பாலும் வாடகைக் கார்கள். அவற்றை யாரோடும் மாற்றிக்கொள்ள முடியாது. வழியில் என்ன பார்க்கலாம் என்று சொல்லக் கைப்பேசிச் செயலி இருக்கிறது. நெடுந்தூரம் சிக்னல் கிடையாது என்பதால் அதைக் கிளம்பும்போதே இறக்கி வைத்துக்கொள்கிறார்கள்.

சாலை வந்து இருபது ஆண்டுகளில், 1946 வாக்கில், ஹானாவின் கரும்புத் தொழில் முடிந்தது. தோட்டத்தை வாங்கியிருந்த பால் ஃபேகன் மாடு வளர்ப்புக்கும் விடுதிக்கும் மாறினார். வேலை இழந்த குடும்பங்கள் பல, தீவின் மறுபக்கம் நோக்கிப் போயின. சாலை இல்லாவிட்டாலும் போயிருப்பார்கள். இருந்ததால் போவது எளிதாயிற்று. இன்று ஊரில் இருப்பவர்கள் சுமார் 1,500 பேர். ஊரை எட்டுவது அரிதாக இருந்த காலத்தில் அங்கே ஆலை ஓடியது. எளிதான பிறகு, எட்டாத ஊர் என்ற பெயரே அதன் பிழைப்பாகிவிட்டது.

அந்தப் பெயரை நாடி வந்தவர்களில் ஒருவர் சார்ல்ஸ் லிண்ட்பெர்க். சாலை முடிந்த மறு ஆண்டு, 1927-இல், அட்லாண்டிக்கைத் தனியாக விமானத்தில் தாண்டி உலகத்தின் தொலைவுகளைக் குறைத்துக் காட்டியவர். 1974-இல் சாவு நெருங்கியதும் இந்தப் பக்கமே வந்து, ஹானாவுக்கு அப்பால் கிபஹுலுவில் ஒரு சிறிய தேவாலயத்தின் அருகே அடக்கமானார். தனிமைக்காகத் தேர்ந்தெடுத்த கல்லறை. அதுவும் இன்று பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலில்.

பயணிகள் தேடிவரும் அருவிகளின் கதை வேறு. 1870-களில் தொடங்கி இந்த மலையோடைகளின் நீரைக் கால்வாய் வெட்டி நடுமாவியின் கரும்பு வயல்களுக்குத் திருப்பினார்கள். கீழே கேயனையில் சேப்பங்கிழங்கு பயிரிடும் குடும்பங்கள் குறைந்த நீரில் காலம் தள்ளின. நீருக்காகப் பல ஆண்டுகள் வழக்காடின. ஹவாயின் கடைசிக் கரும்பாலை 2016-இல் மூடியது. 2018-இல் அரசின் நீர் ஆணையம், சேம்பு விளையும் ஓடைகளுக்கு நீரைத் திருப்பிவிட உத்தரவிட்டது. இந்தச் சாலை பற்றிய பேச்சில் ஆதாயம் என்று ஐயமின்றி நான் எழுதக்கூடியது இது ஒன்றுதான். அதுவும் சாலையால் வந்ததல்ல.

2020-இல் கொரோனா வந்தபோது சாலையை வெளியாருக்கு மூடினார்கள். மறுபடி திறந்தபின் பழைய தாராளம் திரும்பவில்லை. கருமணல் கடற்கரை உள்ள வையனாபனாபா பூங்காவுக்கு வெளியூர்க்காரர்கள் 2021 முதல் நாளும் நேரமும் குறித்து முன்பதிவு செய்ய வேண்டும். சாலையோரம் கண்ட இடத்தில் வண்டியை நிறுத்தினால் அபராதம். முன்பு வழியை மூடியது மண்சரிவு. இப்போது அருவி எதிரே வண்டியைப் போட்டுப் படம் எடுப்பவர்கள்.

சாலையும் பாலங்களும் 2001-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் ஏறின. வண்டிகள் குறைவாக இருந்த காலத்தில் குறுகலாகக் கட்டிய பாலங்கள், குறுகலாக இருப்பதற்காகவே இன்று போற்றப்படுகின்றன. ஊர்க்காரர்களுக்கும் இதே வழிதான். ஹானாவில் ஒரு மருத்துவ நிலையம் உண்டு. பெரிய மருத்துவமனை மலைக்கு மறுபக்கம், வைலுக்குவில். அங்கே குறித்த நேரத்துக்குப் போக வேண்டியவர் விடியுமுன் கிளம்பிவிடுகிறார். எட்டு மணிக்கு மேல் எதிரே வாடகைக் கார்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும்.