ஓடும் கப்பலில் விமானம் இறங்குவது எப்படி?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பனையோலைக் காற்றாடி பிடித்து ஓடும் சிறுவர்களைப் பார்த்திருப்பீர்கள். காற்றை எதிர்த்து ஓடினால் காற்றாடி விரைந்து சுழலும். காற்றோடு ஓடினால் சோர்ந்துவிடும். மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றை எதிர்த்து அதே வேகத்தில் சிறுவன் ஓடினால், காற்றாடியின்மீது மோதும் காற்றின் வேகம் 20 கிலோமீட்டர். இதனைச் சார்புத் திசைவேகம் என்கிறோம். விமானந்தாங்கிக் கப்பலும் இந்தக் கணக்கை நம்பியே இயங்குகிறது.

விமானத்தைத் தாங்குவது அதன் இறக்கைகளைத் தழுவிப் பாயும் காற்று. தரையைப் பொறுத்த வேகம் எதுவாயினும், காற்றைப் பொறுத்த வேகம் குறைந்தால் விமானம் வீழும். நீண்ட ஓடுபாதை இல்லாத கடலில் என்ன செய்வது? கப்பலையே காற்றை எதிர்த்து ஓட்டலாம்!

இதனை முதலில் மெய்ப்பித்தது 'பியூரியஸ்' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பல். 18 அங்குலப் பீரங்கிகள் இரண்டைத் தாங்கத் திட்டமிட்ட அக்கப்பலில், முன்பக்கப் பீரங்கிக்குப் பதிலாக விமானத் தளம் ஒன்றை அமைத்தனர். 1917 ஆகஸ்டு 2-ஆம் நாள் கப்பல் 26 நாட் வேகத்தில், 21 நாட் காற்றை எதிர்த்து ஓடியது. இரண்டும் சேர்ந்து 47 நாட். அதாவது மணிக்குச் சுமார் 87 கிலோமீட்டர். டன்னிங் என்பவர் ஓட்டிவந்த சிறு விமானம் மெதுவாகப் பறக்கும் வேகமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே தளத்தின்மேல் அது நகராமல் மிதப்பதுபோல் வந்தது. வீரர்கள் கைகளால் பற்றி இறக்கினர். ஓடும் கப்பலில் விமானம் இறங்கியது அதுவே முதன்முறை. ஐந்தே நாள்களில், மீண்டும் இறங்க முயன்றபோது விமானம் கடலில் விழ, டன்னிங் உயிரிழந்தார்.

பிறகு பின்பக்கத்திலும் ஒரு தளம் அமைத்தார்கள். அதிலும் பெரும்பாலான இறங்கும் முயற்சிகள் விபத்தில் முடிந்தன. ஏன்? கெடிலத்தில் வெள்ளம் வரும்போது பாலத் தூணுக்குப் பின்னால் நீர் சுழிப்பதைக் கவனியுங்கள். கப்பலின் நடுவே நின்ற மேற்கட்டும் புகைபோக்கியும் அவ்வாறே காற்றைச் சுழிக்கச் செய்தன. 1918 ஜூலையில் இக்கப்பலிலிருந்து சென்ற ஏழு விமானங்கள் ஜெர்மானிய வான்கப்பல்கள் இரண்டை எரித்தன. ஆனால் திரும்பி வந்தவை கடலில்தான் இறங்க நேர்ந்தது. 1925-இல் மேற்கட்டு முழுவதும் நீங்கித் தட்டையான தளம் வந்தபின்னரே குறை தீர்ந்தது. இரண்டாம் உலகப் போரிலும் உழைத்த பியூரியஸ், 1948-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது.

அதன் படிப்பினை நம் நாட்டுக்கும் உதவியது. 1945-இல் 'ஹெர்குலிஸ்' என்ற பெயரில் பிரிட்டனில் கடலில் இறக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நின்ற கப்பலை 1957-இல் இந்தியா வாங்கியது. சாய்வான இறங்குதளமும், விமானத்தை உந்திவிடும் நீராவிக் கவணும் பொருத்தி, 1961-இல் 'விக்ராந்த்' எனக் கடற்படையில் சேர்த்தது.

1971-இல் போர் மேகம் சூழ்ந்த வேளையில் விக்ராந்தின் கொதிகலனில் விரிசல் இருந்தது. இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். நீராவி குறைந்தால் கப்பலின் வேகம் குறையும்; வேகம் குறைந்தால் தளத்தின்மேல் பாயும் காற்றும் குறையும். கவணை இயக்குவதும் அதே நீராவிதான்! சென்னைக் கடற்பகுதியில் கப்பலைச் சோதித்து, குறைந்த வேகத்திலேயே விமானங்களை ஏவ முடியும் என்று உறுதி செய்துகொண்டனர். டிசம்பர் 4-ஆம் நாள் அதன் விமானங்கள் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின.

பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வு பெற்றது. 2022-இல் கொச்சியில் உருவான புதிய விக்ராந்தில் நீராவிக் கவண் இல்லை. மேல்நோக்கி வளைந்த முகப்பு அப்பணியைச் செய்கிறது. ஆயினும் விமானம் எழும்பும் நேரத்தில் கப்பல் காற்றை எதிர்த்தே விரைகிறது, காற்றாடிச் சிறுவனைப் போல!